சுழியத் தொற்று மையம்

மேலத்தோட்டக் காலனி பால்வாடிக்கு மூன்று குழாய் வைத்த எவர்சில்வர் கைகழுவும் தொட்டி வந்து இறங்கிய அன்று காலனியே கூடி நின்று பார்த்தது. அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பளபளப்பான ஒரு பொருளைப் பார்த்து அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம்.

சீனியம்மாளுக்கு மட்டும் கேட்கத் தோன்றியது. அவள்தான் அந்தப் பால்வாடியின் டீச்சர். ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேப்பமரத்தைத் தாண்டி உள்ளே நடந்தால் அந்த ஒற்றை அறைக் கட்டடம். பத்தொன்பது வருஷமாக அவள்தான் அதைத் திறக்கிறாள், அவள்தான் பூட்டுகிறாள். இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கும் நூல் மில்லுக்கும் போகிறவர்கள். எட்டு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினால் சாயங்காலம்தான் திரும்புவார்கள்.

சீனியம்மாளிடம் ஒரு நோய்த்தடுப்பு முறை இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. அதனாலேயே அது ஒரு முறை என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். கண்ணைப் பார்ப்பாள், சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பாள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் வாசலோடு திருப்பிவிடுவாள். "ரெண்டு நாள் வீட்ல வச்சிக்கோ தாயி, மத்ததுக்கும் ஒட்டிக்கிடும்." ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள் படுத்தால் கிராம நர்சுக்குப் போன் போடுவாள். நர்சம்மா ஸ்கூட்டியில் வந்துவிடுவார். ஆயா அங்காளம்மாள் குடிக்கத் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். வாசலில் ஒரு வாளி, ஒரு கப்பு, பழைய கொசுவலைத் துண்டில் முடிந்து தொங்கவிட்ட சோப்பு. சாப்பிடும் முன் வரிசையாக வந்து கை நீட்டினால் அங்காளம்மாள் தண்ணீர் ஊற்றுவாள். அவ்வளவுதான்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மழலையர் தொற்றுத் தடுப்பு இயக்ககம் என்று ஒன்று திறந்தார்கள். சுற்றுவட்டாரப் பால்வாடிகளெல்லாம் அதன் கீழ் வந்தன. வந்ததும் முதல் வேலையாகப் பால்வாடிகளின் பெயரை மையம் என்று மாற்றினார்கள். அடுத்த வேலையாக டீச்சர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் இருநூறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொற்றுத் தடுப்பு ஒருங்கிணைப்பு அலுவலர் சங்கரலிங்கம் மேடையேறினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, சிரித்த முகம். மனிதர் கெட்டவர் இல்லை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

"போன வருஷம் நம்ம வட்டாரத்துல பிள்ளைகளுக்கு நோய் அதிகம்னு மேலிடத்துல பேராயிப்போச்சு. ஏன் ஆச்சு?" என்று கேட்டு நிறுத்தினார். "தண்ணி சரியில்லையா? காத்து சரியில்லையா? அதெல்லாம் இல்லம்மா. நீங்க எழுதினீங்க. எழுதினதாலதான் வந்துச்சு. பக்கத்து வட்டாரத்துல யாரும் எழுதல. அங்க இன்னிக்கு வரைக்கும் ஆரோக்கியமா இருக்காங்க."

பிறகு ஏழு படியில் கை கழுவும் பயிற்சி நடந்தது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல இருநூறு பேரும் வெறுங்கையைத் தேய்த்தார்கள். சோளத்தட்டையை உரசுவதுபோல மண்டபம் முழுக்க ஒரு சத்தம். இதற்கு உலர்முறைப் பயிற்சி என்று பெயர்.

சீனியம்மாள் எழுந்தாள். "சார், எங்க மையத்துல குழாய்க்குக் கனெக்‌ஷன் கிடையாது. நாலு நாளைக்கு ஒருதடவ தெருக்குழாயில வரும். தண்ணிக்கு எதும் ஏற்பாடு உண்டா?"

சங்கரலிங்கம் அவளைப் பரிவோடு பார்த்தார். "தண்ணி வேற துறைம்மா. நாம கை மட்டும்."

தொடர்ந்து நூறு நாள் ஒரு தொற்றுகூட இல்லாத மையத்துக்குச் 'சுழியத் தொற்று மையம்' என்று சான்றிதழும் விழாவும் உண்டு என்று அறிவித்துக் கூட்டத்தை முடித்தார்கள். ஊருக்கு வந்து சீனியம்மாள் இதைச் சொன்னபோது அங்காளம்மாளுக்கு விளங்கவில்லை.

"சுழியா? தலையில ரெட்டச் சுழி இருந்தா சேட்டை பண்ணும்பாக. நோய்ல ஏது டீச்சர் சுழி?"

"சுழின்னா முட்டை. ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"அப்ப ஒண்ணுமில்லன்னு சொல்ல வேண்டியதுதான? அதுக்கு ஒரு ஆபீசா?"

தொட்டியைச் சுவரில் பொருத்தினார்கள். திறப்பு விழாவில் குழாயைத் திருக வேண்டியவர் குனியக்கூடாது என்பதற்காகப் பெரியவர் இடுப்புக்கு மேலே வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எட்டிக் குதித்தாலும் குழாய் கைக்கு எட்டாது. எட்டினாலும் ஒன்றும் வராது என்பதால் அது ஒரு குறையாகப் படவில்லை. கூடவே சிவப்பாகத் திரவ சோப்பு ஒரு பாட்டில் வந்தது. பாட்டிலில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். மாதாமாதம் வந்து பார்க்கும்போது சோப்பு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் இருப்புக் குறைவு என்று விளக்கம் எழுதித் தர வேண்டும். சீனியம்மாள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

போனில் 'மழலைக் காவலன்' என்ற செயலியை ஏற்றிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் குழாய்க்குக் கீழே கை நீட்டுகிற படம் அதில் ஏற வேண்டும். முதல் நாள் முக்காலியில் பிள்ளையை நிறுத்தி, அங்காளம்மாள் பக்கத்தில் நின்று கப்பால் தண்ணீர் ஊற்ற, சீனியம்மாள் படம் எடுத்தாள். செயலி நிராகரித்தது. 'படத்தில் அங்கீகரிக்கப்படாத கப்பு உள்ளது.' அடுத்த நாள் கப்பு தெரியாமல் எடுத்தாள். 'படத்தில் அங்கீகரிக்கப்படாத வாளி உள்ளது.' மூன்றாம் நாள் இயக்ககத்திலிருந்து நேரிலேயே ஆள் வந்து வாளியையும் கப்பையும் கொசுவலைச் சோப்பையும் எடுத்துக் கொல்லையில் போடச் சொன்னார்.

அன்றைக்குப் பிள்ளைகள் வறண்ட குழாய்க்குக் கீழே வறண்ட கையை நீட்டினார்கள். செயலியில் பச்சை நிறத்தில் ஒரு தாமரை விரிந்தது. குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. 'மிக நன்று' என்று எழுத்து வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளையும் முக்காலியில் ஏற்றி இறக்கிப் படம் எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பசியில் பிள்ளைகள் அழுதார்கள். அதற்குமேல் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கை கழுவ விடுவதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. மாதம் மூன்று இப்படிப் போயிற்று. கை கழுவும் படங்கள் அதிகமாக ஏறிய மையங்களில் மேலத்தோட்டக் காலனி நான்காவதாக வந்தது.

தொண்ணூற்றேழாவது நாள் காலையில் அக்சாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

அக்சாவுக்கு மூன்று வயது. அவளுடைய அம்மா ஷெரின் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் தறியில் வேலை பார்க்கிறாள். அப்பா கேரளாவில் கட்டட வேலை. விடும்போது பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. பத்து மணிக்குள் நாலு தடவை போய்விட்டது. சளி சளியாகப் போனது. லேசாக ரத்தமும் இருந்ததோ என்று சீனியம்மாளுக்குச் சந்தேகம். அவள் உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கலக்கி ஸ்பூனால் புகட்டினாள். பிறகு செயலியைத் திறந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கு நேராகவும் மூன்று கட்டங்கள். 'நலம்.' 'மிக்க நலம்.' மூன்றாவதாக, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், 'தொற்று'. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவதை அழுத்தினாள்.

அரை நிமிஷத்தில் போன் அடித்தது.

"சீனியம்மாளா? உங்க மையத்துல ஒண்ணுன்னு காட்டுதே."

"ஆமா சார். அக்சான்னு ஒரு பிள்ளை. காலையில இருந்து வயித்தால போகுது."

"நான் பிள்ளையப் பத்திக் கேக்கலம்மா. ஒண்ணைப் பத்திக் கேக்கேன்."

மதியத்துக்குள் சங்கரலிங்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். இத்தனை வேகமாக ஒரு அதிகாரி ஒரு பிள்ளையின் வயிற்றுப்போக்குக்கு வந்ததைப் பார்த்து அங்காளம்மாள் கண் கலங்கிவிட்டாள். பிள்ளை கிடந்த பாயைக் காட்டி, "இந்தா படுத்திருக்கு பாருங்க சார்" என்றாள். அவர் பாய்ப் பக்கம் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சீனியம்மாளை எதிரே நிற்க வைத்தார்.

"தொற்றுன்னா என்னம்மா?"

"ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்துறது சார்."

"இந்தப் பிள்ளைட்ட இருந்து யாருக்காவது தொத்தியிருக்கா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இது எப்படித் தொற்று?"

"தொத்துறதுக்கு முன்னாடியே தடுக்கணும்லா சார்?"

"தொத்தாத ஒண்ணைத் தொற்றுன்னு பதிவு பண்றது பொய்த் தகவல்மா." அவர் கோபப்படவே இல்லை. "சரி, ஆய்வகத்துல நிரூபிக்கலாமான்னா, மாதிரி எடுக்கணும்னா பதிவு உறுதியாகணும். பதிவு உறுதியாகணும்னா ஆய்வக முடிவு வேணும். இது நீங்களோ நானோ போட்ட விதி இல்ல."

"அப்ப வீட்டுக்கு அனுப்பிருதேன் சார். நாலு நாள் கழிச்சு வரட்டும்."

"வருகை குறைஞ்சா அதுக்கு விளக்கம். மூணு பிரதி. இன்னும் மூணே நாள்மா. நூறாவது நாள் இயக்குநர் மேடம் நேர்ல வர்றாங்க, இந்த மையத்துக்குத்தான். வட்டாரத்துல முதல் சான்றிதழ் உங்களுக்கு."

"நர்சம்மாட்டயாவது ஒரு வார்த்தை..."

"அது தகவல் கசிவு." அவர் எழுந்துகொண்டார். "பத்தொன்பது வருஷ சர்வீஸ். தொற்றுப் பரப்பிய பணியாளர்னு ஒரு குறிப்பு விழுந்துச்சுன்னா அழிக்கவே முடியாது. யோசிச்சு அழுத்துங்க. திருத்துறதுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

ஜீப் போய்விட்டது. சீனியம்மாளின் புருஷன் மில்லில் கையை மிஷினில் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறவர். அவளுடைய வேலையில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அவள் நாற்பது நிமிஷமும் யோசிக்கவில்லை. பத்து நிமிஷம் யோசித்தாள். பிறகு 'நலம்' என்ற கட்டத்தை அழுத்தினாள். தாமரை விரிந்தது. குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. பாயில் கிடந்த அக்சா அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் ஷெரின் வந்தாள். முடியெல்லாம் பஞ்சுத் தூசி.

"லேசா வயித்தால போச்சு. உப்புச்சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்கேன்" என்றாள் சீனியம்மாள்.

"நாளைக்கு வீட்ல வச்சிக்கிடட்டுமா டீச்சர்? லீவு கேட்டா மொதலாளி ஏசுவாரு. கேட்டுப் பாக்கேன்."

பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவள் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு வேறு பதில் சொன்னாள். "வேண்டாம், கூட்டிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

ஷெரின் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தொண்ணூற்றெட்டாம் நாள் சிவபாண்டிக்கும் இன்னொரு பிள்ளைக்கும் ஆரம்பித்தது. தொண்ணூற்றொன்பதில் ஐந்து பேர் ஆனார்கள். அங்காளம்மாள் துணி அலசி அலசிக் கை வெளுத்துப்போனாள். "டீச்சர், இது சரியில்ல. பிள்ளைக வாடிப்போச்சு" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். சீனியம்மாள் சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டாள்.

"சார், இப்ப தொத்திருச்சு. அஞ்சு பேரு."

"எதுல இருந்து தொத்துச்சு?"

"அக்சாட்ட இருந்துதான் சார்."

"அந்தப் பிள்ளைக்கு நீங்க 'நலம்'னு போட்டிருக்கீங்க. நலத்துல இருந்து எப்படிம்மா நோய் தொத்தும்?"

சீனியம்மாள் ஐந்து பிள்ளைகளுக்கும் 'நலம்' போட்டாள். ஐந்து தாமரை விரிந்தது.

நூறாவது நாள் காலை எட்டரைக்கே சங்கரலிங்கம் வந்துவிட்டார். வாழைமரம், பேனர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகோயில் தெருவிலிருந்து வாங்கிய பால்கோவாப் பெட்டிகள் எல்லாம் பின்னால் வந்தன. பெரிய வெள்ளை வேன் ஒன்றும் வந்தது. அதன் நெற்றியில் 'மழலையர் தொற்று விரைவு மீட்பு ஊர்தி' என்று எழுதியிருந்தது. அவர் அறைக்குள் தலையை நீட்டி, பாயில் வரிசையாகக் கிடந்த ஐந்து பிள்ளைகளைப் பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இவங்க இங்க இருந்தா மேடத்துக்குத் தொற்று இருக்கிற மாதிரி ஒரு எண்ணம் வந்துரும். பின்னால ஓடாம கிடக்கிற அந்த பம்பு செட்டு ரூம் இருக்குல்ல, அங்க கொண்டுபோங்க."

"அது எட்டுக்கு எட்டு அறை சார். காத்து கிடையாது."

"ஒரு மணி நேரந்தானம்மா." மிச்சமிருந்த பதினேழு பிள்ளைகளில் ஒன்று அந்த நேரம் பார்த்துத் தும்மியது. சங்கரலிங்கம் திடுக்கிட்டு அதைப் பார்த்தார். "எதுக்கும் எல்லாரையும் கொண்டுபோயிருங்க. பிள்ளைங்கள நம்ப முடியாது."

இப்படியாக, தொற்றுத் தடுப்பு விழாவுக்காக, நோய் வந்த ஐந்து பிள்ளைகளையும் வராத பதினேழு பிள்ளைகளையும் ஒரே அறையில் அடைத்தார்கள். அங்காளம்மாள் வாசலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள்.

இயக்குநர் பத்து மணிக்கு வந்தார். குனியாமல் குழாயைத் திருகினார். கைதட்டினார்கள். மையத்தின் உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்தார். பாய் இல்லை, பிள்ளை இல்லை, ஈ இல்லை. பினாயில் மணந்தது.

"நான் எத்தனையோ மையம் பார்த்திருக்கேன். இவ்வளவு சுத்தமா ஒண்ணு பார்த்ததே இல்லை" என்றார். பிறகு லேசாகச் சந்தேகப்பட்டு, "பிள்ளைங்க?" என்றார்.

"தொற்றில்லாச் சூழல் கெட்டுறக்கூடாதுன்னு வெளிய வச்சிருக்கோம் மேடம்."

இயக்குநர் வெகுநேரம் தலையாட்டினார். "ரொம்ப நல்ல யோசனை. இதை ஒரு வழிகாட்டு நெறிமுறையா எழுதி எல்லா மையத்துக்கும் அனுப்புங்க." மைக்கைப் பிடித்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "குழந்தைகள் நல மையங்களிலே தொற்று எப்படி வருகிறது என்று ஆராய்ந்தோமானால், பெரும்பாலும் குழந்தைகள் மூலமாகத்தான் வருகிறது. அந்த மூல காரணத்தையே அகற்றி இந்த மையம் வழிகாட்டியிருக்கிறது. சுழியம் என்பது வெறும் எண் அல்ல. அது ஒரு மனநிலை..."

சீனியம்மாள் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பின்பக்க ஜன்னலில் அங்காளம்மாளின் முகம் தெரிந்தது.

"டீச்சர்! அக்சா கண்ணு சொருகுது டீச்சர்! கூப்பிட்டா கேக்க மாட்டேங்கு!"

சீனியம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினாள். சங்கரலிங்கம் மைக்கின் ஒலியைக் கூட்டச் சொல்லிச் சைகை காட்டினார்.

பிள்ளை துணிபோலக் கிடந்தது. உதடு வெடித்து, கண் குழிந்து, தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளிய இடம் அப்படியே நின்றது. சீனியம்மாள் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்தாள். வெள்ளை வேனின் கதவைத் தட்டினாள். டிரைவர் எட்வின் கண்ணாடியை இறக்கினான்.

"தம்பி, ராஜபாளையம் பெரியாஸ்பத்திரிக்கு விடுப்பா, பிள்ள முடியாம கெடக்கு."

எட்வின் பிள்ளையைப் பார்த்தான், அவன் கை சாவிக்குப் போனது. பிறகு செயலியோடு இணைத்து முன்னால் பொருத்தியிருந்த பூட்டுப் பெட்டியைப் பார்த்தான். "அக்கா, மையத்துல தொற்றுன்னு பதிவு இருந்தாத்தான் வண்டி லாக் எடுக்கும். உங்க மையத்துல நூறு நாளா ஒண்ணுமே இல்லன்னு காட்டுது. சத்தியமா என்னால ஸ்டார்ட் பண்ண முடியாதுக்கா."

சாலையில் பேண்டேஜ் துணிக் கட்டு ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்தது. சீனியம்மாள் குறுக்கே போய் நின்றாள். கட்டுகளுக்கு மேலே பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் ராஜபாளையத்துக்கு விரட்டினார். ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் வேப்பமரம் வரைக்கும் கூட வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டரம்மா பிள்ளையை வாங்கிய கையோடு நரம்பு தேடினார். முதல் இரண்டு குத்தில் கிடைக்கவில்லை. மூன்றாவதில் கிடைத்தது. டிரிப் இறங்க ஆரம்பித்ததும் அவர் நிமிர்ந்தார்.

"எத்தனை நாளா போகுது?"

"நாலு நாளு."

"நாலு நாளா? நீங்க யாரு, அம்மாவா?"

"பால்வாடி டீச்சர்."

"டீச்சரா இருந்துக்கிட்டு நாலு நாள் பேசாம இருந்தீங்களா? யார்ட்டயும் சொல்லலையா?"

"மொத நாளு சொன்னேன். பொறவு 'நலம்'னு போட்டுட்டேன்" என்றாள் சீனியம்மாள். அந்த டாக்டருக்கு அது விளங்கவில்லை. கூட இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று டாக்டர் கேட்டார். "இருபத்தொண்ணு. ஒரே ரூமுல இருக்குக" என்றாள். டாக்டர் உடனே போனை எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் கிராம நர்சும் மருத்துவக் குழுவும் காலனிக்குப் போய்விட்டார்கள். அந்த வாரத்தில் ஒன்பது பிள்ளைகள் படுத்தார்கள். ஒரு பிள்ளையும் சாகவில்லை. இயக்ககம் பிற்பாடு இதைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஷெரின் தறியிலிருந்து நேரே ஓடிவந்தாள். பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு சீனியம்மாளைப் பார்த்தாள். "வீட்ல வச்சிக்கிடட்டான்னு கேட்டேன்லா டீச்சர்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று சீனியம்மாளுக்கு இருந்தது.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. ஆடிப்பூரத் தேருக்காகப் பஸ்ஸைச் சுற்றி விட்டிருந்தார்கள். சீனியம்மாள் வெயிலில் நடந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சங்கரலிங்கம்.

"நீங்க ஒரு குழந்தையைக் காப்பாத்தினீங்க. அதை யாரும் மறுக்கலம்மா" என்று அவர் கனிவாக ஆரம்பித்தார். "ஆனா எதுல இருந்து காப்பாத்தினீங்க? பதிவுல நோயே இல்லையே. இல்லாத நோயில இருந்து ஒரு குழந்தையைக் காப்பாத்தி, ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயி, மக்கள் மத்தியில ஒரு பீதியக் கிளப்பிட்டீங்க."

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு சார். சோதனை பண்ணி என்ன கிருமின்னு எழுதியிருக்காக."

"அந்தக் குழந்தை உங்க மையத்துக் குழந்தை இல்லம்மா. தொண்ணூத்தாறாம் தேதியிட்டே... மன்னிக்கணும், தொண்ணூத்தாறாம் நாள் தேதியிட்டே பேரை நீக்கியாச்சு. ஒன்பது பேரையுமே நீக்கியாச்சு." அவர் ஒரு தாளை நகர்த்தினார். "இதுல கையெழுத்துப் போடுங்க. மையத்துல தொற்று எதுவும் ஏற்படல, தவறான புரிதல்ல பதறிட்டேன்னு எழுதியிருக்கு. போட்டீங்கன்னா விஷயம் முடிஞ்சுது. நாளைக்கே வேலைக்குப் போகலாம்."

"போடலன்னா?"

இரண்டாவது தாளை நகர்த்தினார். "நோயுற்ற குழந்தையை மத்த குழந்தைகளோட நாலு நாள் சேர்த்து வச்சிருந்து தொற்றுப் பரவக் காரணமா இருந்தீங்கன்னு குற்றச்சாட்டு. பணிநீக்கம்."

சீனியம்மாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி போட்டுப் படித்தாள். பக்கத்தில் இருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், மொதத் தாள்ல இருக்கிறது பொய்யி. ரெண்டாவதுல இருக்கிறது நெசம். நீங்க சொல்லித்தான் செஞ்சேன். ஆனாலும் செஞ்சது நாந்தான். அந்தத் தாய் வீட்ல வச்சிக்கிடுதேன்னு சொன்னா. நாந்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன்." பேனாவைக் கேட்டு வாங்கி இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டாள்.

சங்கரலிங்கத்துக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "ஏம்மா இப்படி இருக்கீங்க?" என்றார்.

அன்று மாலை அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு ஆணைகள் கிளம்பின. முதலாவது, மேலத்தோட்டக் காலனி மையத்தில் தொற்றே ஏற்படவில்லை என்பதால் அதைச் சுழியத் தொற்று மையமாக அறிவித்தது. இரண்டாவது, அதே மையத்தில் தொற்றைப் பரப்பியதற்காகச் சீனியம்மாளைப் பணிநீக்கம் செய்தது. இரண்டிலும் கையெழுத்து ஒன்றே. இரண்டையும் ஒரே தபால்காரர் ஒரே நாளில் கொண்டுவந்து கொடுத்தார்.

புது டீச்சர் போடும்வரை மையத்தைப் பூட்டிவைத்தார்கள். பூட்டிய மையத்தில் தொற்று ஏது? நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினாறு என்று நாட்கள் தானாகவே ஏறிக்கொண்டிருந்தன. இயக்ககம் இதைக் கூர்ந்து கவனித்துவருவதாகக் கேள்வி.

தறிகளை மட்டும் யாரும் பூட்டவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அங்காளம்மாள் தன் பேரனோடு இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சீனியம்மாள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். "இதுகளும் எங்க போகும் டீச்சர்?" என்று அவளாகவே உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அந்த வாரக் கடைசியில் ஏழு பிள்ளைகள் ஆகிவிட்டன. சீனியம்மாள் வாசலில் நின்று ஒவ்வொரு கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சிவபாண்டிக்கு உடம்பு சுட்டது. அவனுடைய அம்மாவிடம், "இன்னிக்கு விடாத தாயி. நீ லீவப் போட்டுட்டு வச்சிக்கோ" என்று திருப்பி அனுப்பினாள். அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அடுத்த புதன்கிழமை ஷெரின் வந்தாள். இடுப்பில் அக்சா. பிள்ளை இன்னும் தேறவில்லை, கழுத்தெலும்பு தெரிந்தது. ஷெரின் படியேறாமல் வாசலிலேயே நின்றாள். ஆஸ்பத்திரியில் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவள் சீனியம்மாளிடம் பேசியிருக்கவில்லை.

"இவளுக்கு ஒண்ணுன்னா எனக்குச் சொல்லுவியளா?"

"சொல்லுவேன்."

"போன் போட்டுச் சொல்லணும். நான் தறியில இருந்தாலும் சொல்லணும்."

"சொல்லுதேன் ஷெரின்."

ஷெரின் பிள்ளையை இறக்கிவிட்டாள். பிள்ளை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. தூரத்தில் தறிக்குப் போகிற வேன் ஹாரன் அடித்தது. அவள் குனிந்து பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிராதிய டீச்சர்" என்றாள். "வேற எடமில்ல. அதான் விட்டுட்டுப் போறேன்."

திரும்பிப் பார்க்காமல் வேனை நோக்கி ஓடினாள்.